சான் பிரான்சிஸ்கோ கே பார்களும் பண்டிகை இரவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பே ஏரியாவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வரும் நம் ஊர்க்காரர்கள் என்னிடம் கே பார்களைப் பற்றிக் கேட்பதுண்டு. சிலர் ஆர்வத்தில் கேட்பார்கள், சிலர் தயங்கித் தயங்கி, ஒருசிலர் வம்புக்கு. அக்டோபர் பிறந்தால் கேள்விகள் கூடும். டிசம்பரில் இன்னும் கூடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்து எழுதிவிட்டேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

அண்ணா, கே பார்னா உள்ளே அப்படி என்னதான் இருக்கும்?

மற்ற பாரில் இருப்பதுதான்: மேடை, மது, பாட்டு, கழிப்பறைக்கு வரிசை. வருகிறவர்களில் பெரும்பாலோர் தன்பாலீர்ப்பாளர்களும் திருநரும் என்பதுதான் வேறுபாடு. ஒரே மாதிரி என்றும் நினைக்க வேண்டாம். பேசிக்கொண்டு உட்கார்வதற்கு ஒன்று, ஆடுவதற்கு ஒன்று, தோலாடை அணிகிறவர்களுக்கு ஒன்று, டிராக் நிகழ்ச்சிக்கு ஒன்று எனப் பலவகை உண்டு. டிராக் என்பது ஆண்கள் பெண்வேடம் கட்டி ஆடிப்பாடுவது. இப்போது எல்லாப் பாலினத்தவரும் கட்டுகிறார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது.

தன்பாலீர்ப்பாளர்கள் நிறைந்த காஸ்ட்ரோ வட்டாரத்தில், காஸ்ட்ரோ தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் முனையில் ட்வின் பீக்ஸ் டேவர்ன் இருக்கிறது. 1972ல் இரண்டு பெண்கள் அதை எடுத்து, தெருவைப் பார்த்துப் பெரிய கண்ணாடிச் சன்னல்களை வைத்தார்கள். அதுவரை கே பார் என்றால் இருட்டும் மூடிய சன்னலும்தான். 2013ல் நகராட்சி அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. முதல்முறை போகிறவர்களை நான் அங்கேதான் அனுப்புவேன். வெளியே நின்றே உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம், பயம் பாதி போய்விடும்.

நான் கே இல்ல. சும்மா பார்க்கப் போனா தப்பா எடுத்துக்குவாங்களா?

எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும், கையில் பாஸ்போர்ட்டோ இங்கே வாங்கிய ஓட்டுநர் உரிமமோ வேண்டும். பாரில் பரிமாறுகிறவருக்கு டிப்ஸ் வையுங்கள், டிராக் கலைஞர் ஆடும்போது ஒரு டாலர் நோட்டாவது நீட்டுங்கள். யாராவது பேச வந்தால் "நான் நண்பர்களோடு வந்தேன்" என்று சிரித்துச் சொன்னால் போதும்.

காட்சிசாலைக்கு வந்தவர்போல விரலை நீட்டிப் பேசுவதையும் படம் எடுப்பதையும் மட்டும் தவிர்க்கவும். படம் எடுப்பது பற்றிக் கடைசிக் கேள்வியில் தனியாகச் சொல்கிறேன்.

எந்தப் பண்டிகைக்குப் போனா நல்லா இருக்கும்?

கூட்டம்தான் வேண்டும் என்றால் ஜூன் கடைசி வார இறுதி, தன்பாலீர்ப்பாளர்களும் திருநரும் ஊர்வலம் போகும் பிரைடு விழா. செப்டம்பர் கடைசி ஞாயிறு ஃபால்சம் தெருத் திருவிழா. அது 1984ல் தொடங்கியது. தோலாடைக் கூட்டத்தினுடையது, ஆடையே இல்லாதவர்களும் நிறைய வருவார்கள். முன்பின் தெரியாமல் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். பிறகு அக்டோபர் 31 மாறுவேட இரவான ஹாலோவீன், நவம்பரில் குடும்பமாகக் கூடி விருந்துண்ணும் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின புதன் இரவு, புத்தாண்டு இரவு. வசந்தத்தில் ஈஸ்டர்.

டிசம்பரில் காஸ்ட்ரோவில் ஒரு கூத்து உண்டு. குளிரில் சிவப்பு ஜட்டியும் சாண்டா தொப்பியுமாகத் தெருவில் ஓடி எய்ட்ஸ் அமைப்புக்கு நிதி திரட்டுவார்கள். என்னைக் கேட்டால் இவை எதையும்விட சாதாரணச் செவ்வாய்க்கிழமை போவது நல்லது. அன்றுதான் பேச ஆள் கிடைக்கும். கடைக்கும் அன்றுதான் உங்கள் காசு தேவை. ஏன் என்று பின்னால் வருகிறது.

கிறிஸ்துமஸ் இருக்கட்டும், ஹாலோவீனை ஏன் இவங்க இவ்ளோ பெருசா கொண்டாடுறாங்க?

சட்டத்தில் இருந்த ஒரு சந்துதான் காரணம். ஒருவர் தம் பாலுக்கு உரியதல்லாத உடையில் பொதுவெளிக்கு வருவதைச் சான் பிரான்சிஸ்கோ 1863ல் தடை செய்தது. அந்தச் சட்டம் 1974 வரை ஏட்டில் இருந்தது. ஹாலோவீன் அன்று மட்டும் ஊரே வேடம் போடும், அதனால் போலீஸ் கண்டுகொள்ளாது. சேலை கட்டினால் கைது என்ற ஊரில் வருஷத்துக்கு ஒரு ராத்திரி மட்டும் கட்டிக்கொள்ளலாம் என்றால் அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

அந்தச் சலுகைக்கும் நேரக் கணக்கு இருந்தது. நள்ளிரவு தாண்டினால் பண்டிகை முடிந்தது என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போவார்களாம். "ஏமாற்றும் நோக்கத்தோடு பெண்ணுடை அணிந்தான்" என்பது குற்றச்சாட்டு. நார்த் பீச்சில் பிளாக் கேட் என்ற பாரில் பாடிப் பரிமாறிய ஹொசே சாரியா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பூனைத் தலை வடிவில் துண்டுச்சீட்டு வெட்டி, "நான் ஆண்பிள்ளை" என்று எழுதி, வேடம் போட்டவர்களின் உடையில் குத்திவிட்டார். சீட்டே சொல்லும்போது ஏமாற்றியதாக வழக்குப் போட முடியுமா? இதே சாரியாதான் 1961ல் நகர சபைக்குப் போட்டியிட்டார். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லி அமெரிக்காவில் தேர்தலில் நின்ற முதல் ஆள் அவர்.

1963ல் அரசு பிளாக் கேட்டின் மது உரிமத்தைப் பறித்தது, அதுவும் ஹாலோவீன் நெருங்கிய வேளையில். பார்க்காரர்கள் மது இல்லாமலே கொண்டாட்டத்தை நடத்தினார்கள். ஆனால் மது விற்காத பார் எத்தனை நாள் தாங்கும்? சில மாதங்களில், 1964 தொடக்கத்தில், மூடிவிட்டார்கள். ஹாலோவீன் இவர்களுக்கு வெறும் வேடிக்கை நாள் அல்ல என்பதற்கு இந்தக் கதை போதும்.

அப்போ காஸ்ட்ரோ தெருவுல ஹாலோவீன் அன்னிக்கு ஏன் ஒண்ணுமே இல்ல? நான் போய் ஏமாந்துட்டேன்.

நீங்கள் மட்டுமா! பழைய படங்களைப் பார்த்துவிட்டு வருகிற எல்லோருமே ஏமாறுகிறார்கள். 1940களில் கிளிஃப்ஸ் வெரைட்டி என்ற கடை, காஸ்ட்ரோவில் குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டி நடத்த ஆரம்பித்தது. 1970களில் தன்பாலீர்ப்பாளர்கள் அந்த வட்டாரத்தில் குடியேறினார்கள், போல்க் தெருவில் நடந்துகொண்டிருந்த அவர்களுடைய ஹாலோவீனும் அங்கே நகர்ந்தது. 1990களில் லட்சக்கணக்கில் கூட்டம். வேடம் போட வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பெருகினார்கள், கூடவே குடித்துவிட்டு வம்பிழுக்கிறவர்களும். 2002ல் கத்திக்குத்து, 2006ல் துப்பாக்கிச் சூடு. ஒன்பது பேருக்குக் காயம். 2007ல் நகராட்சி தெருவிழாவையே நிறுத்தி, வீட்டிலேயே இருங்கள் என்று விளம்பரம் செய்தது. பார்களையும் சீக்கிரம் அடைக்கச் சொன்னது.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு பாடம் இருக்கிறது. தெருவில் லட்சம் பேர் நின்றாலும் பாருக்குள் தீயணைப்புத் துறை அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒருவரையும் விட முடியாது. வெளியே நிற்பவர்கள் மூலைக்கடையில் பாட்டில் வாங்கிக் குடிப்பார்கள், கழிப்பறைக்கு மட்டும் பாருக்குள் வரப் பார்ப்பார்கள். வாடிக்கையாளரோ கூட்டத்துக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார். இப்போது ஹாலோவீன் பார்களுக்குள்ளே நடக்கிறது, கட்டணத்தோடும் போட்டியோடும் பரிசோடும். எனக்கு இது பிடித்திருக்கிறது. தெருவிழாவுக்காக இன்னும் ஏங்கும் பழைய ஆட்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

புத்தாண்டு ராத்திரி விடிய விடிய இருக்குமா?

இருக்காது. கலிபோர்னியாவில் இரவு 2 மணியிலிருந்து காலை 6 மணி வரை மது விற்கக் கூடாது. டிசம்பர் 31 என்று அதற்கு விலக்கு எதுவும் கிடையாது. 4 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியும் 2018ல் ஆளுநர் ஜெரி பிரவுன் அதை நிராகரித்தார். பிறகு 2022ல் வந்த முயற்சியும் தேறவில்லை. சில நடனக்கூடங்கள் 2 மணிக்குப் பிறகும் மது இல்லாமல் பாட்டை மட்டும் ஓட்டும்.

புத்தாண்டு இரவில் நுழைவுக் கட்டணம் வழக்கமான வெள்ளிக்கிழமையைவிடக் கூடும். முன்பதிவு செய்துகொண்டு 10 மணிக்கு முன்னால் போய்விடுங்கள். 11.30க்குப் போய் வரிசையில் நின்றால் புத்தாண்டு உங்களுக்கு நடைபாதையில்தான் பிறக்கும்.

அந்தக் காலத்துல புத்தாண்டு பார்ட்டியிலேயே போலீஸ் பிடிச்சுட்டுப் போனாங்களாமே, நெசமா?

நிஜம்தான், இரண்டு இடங்களில். 1965 ஜனவரி 1 இரவு சான் பிரான்சிஸ்கோ கலிபோர்னியா ஹாலில் ஒரு நடன விருந்து. நடத்தியது மதமும் தன்பாலீர்ப்பும் குறித்துப் பேச அமைந்த ஒரு கூட்டமைப்பு, அதில் புராட்டஸ்டண்ட் பாதிரியார்களும் இருந்தார்கள். போலீஸிடம் முன்கூட்டியே பேசியும் வைத்திருந்தார்கள். அப்படியும் போலீஸ் வாசலில் விளக்கு வைத்து உள்ளே போகிற ஒவ்வொருவரையும் படம் பிடித்தது. உத்தரவு இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்று தடுத்த வழக்கறிஞர்களைக் கைது செய்தது. மறுநாளே பாதிரியார்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டிப் போலீஸைக் கண்டித்தார்கள், வழக்கும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அன்று கைதான வழக்கறிஞர்களில் ஒருவரான ஹெர்பர்ட் டொனால்ட்சன் பின்னாளில் இதே ஊரில் நீதிபதியானார்.

இரண்டாவது, லாஸ் ஏஞ்சலிஸ் சில்வர் லேக்கில், 1967 பிறந்த நிமிடங்களில். அந்தப் பாரின் பெயரும் பிளாக் கேட்தான், மேலே சொன்ன சாரியாவின் பாருக்கும் இதற்கும் தொடர்பில்லை. பன்னிரண்டு அடித்ததும் வழக்கப்படி முத்தமிட்டுக்கொண்டார்கள். சாதாரண உடையில் உட்கார்ந்திருந்த போலீஸார் எழுந்து அடித்து இழுத்துப் போனார்கள். முத்தமிட்டதற்காக இரண்டு ஆண்களுக்குத் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு பிப்ரவரி 11ல் அந்தப் பார் வாசலில் நூற்றுக்கணக்கானவர்கள் கூடிப் போராடினார்கள். கே பாரில் போலீஸ் நடத்திய சோதனையை எதிர்த்து வெடித்த, எல்லோருக்கும் தெரிந்த நியூயார்க் ஸ்டோன்வால் கலவரம் நடந்தது 1969ல், இதற்கு இரண்டு ஆண்டு கழித்து.

தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் எல்லாம் வீட்டுல குடும்பத்தோட இருக்க வேண்டிய நாளு. அன்னிக்கும் பார்ல என்ன வேலை?

வீடு இருந்தால் வீட்டில் இருப்பார்கள். "கே என்றால் இந்தப் படி ஏறாதே" என்று சொல்லப்பட்டவர்களும், துணையைக் கூட்டிவராமல் வந்தால் சோறு உண்டு என்று சொல்லப்பட்டவர்களும் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதனால்தான் பல கே பார்கள் அந்த நாட்களிலும் திறந்திருக்கின்றன. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர, மேசை போட்டுப் பரிமாறுவார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாமல் மேன்ஷனில் தங்கிவிட்ட சென்னைப் பேச்சிலர்கள் ஒன்றாகப் பொங்கித் தின்பார்களே, அந்தப் பந்திதான் இது. ஆனால் இவர்களில் பலருக்கு அடுத்த வருஷமும் டிக்கெட் கிடைக்கப்போவதில்லை.

எய்ட்ஸ் காலத்தில் இது இன்னும் ஆழமாயிற்று. 1980களில் நோயாளிகளின் வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் பார்கள்தான் உண்டியல் குலுக்கின. கே பார் வட்டாரத்தில் 1970களின் இறுதியில் முளைத்த டெண்டர்லாய்ன் டெஸ்ஸி விருந்து, தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் மூன்று நாளும் ஏழைகளுக்கு இலவசச் சாப்பாடு போட்டுப் பெயர் பெற்றது. சான் பிரான்சிஸ்கோ கே ஆண்கள் பாடகர் குழு காஸ்ட்ரோ திரையரங்கில் பாடிய கிறிஸ்துமஸ் ஈவ் கச்சேரியும் பல்லாண்டு வழக்கம். அந்தக் குழு முதன்முதலாகப் பொதுவில் பாடியது 1978 நவம்பர் 27 அன்று, தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லி நகர சபைக்குத் தேர்வான ஹார்வி மில்க் சுட்டுக்கொல்லப்பட்ட அன்று இரவில், நகர மன்றப் படிக்கட்டில்.

ஈஸ்டருக்கு ஆம்பளைங்க கன்னியாஸ்திரி வேஷம் போட்டு ஏசுவைக் கிண்டல் பண்றாங்களே, இது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் பாதிப்பேர் நம் ஊர்க் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய மனவருத்தம் எனக்குப் புரிகிறது. 1979 ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, சில ஆண்கள் கன்னியாஸ்திரி அங்கி மாட்டிக்கொண்டு காஸ்ட்ரோவில் நடந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் "சிஸ்டர்ஸ் ஆஃப் பெர்பெச்சுவல் இண்டல்ஜென்ஸ்". ஈஸ்டர் ஞாயிறு டொலோரஸ் பூங்காவில் விழா நடத்தி, ஏசு வேடமிட்ட கட்டுமஸ்தான ஆண்களுக்குப் போட்டி வைப்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபை பலமுறை கண்டித்திருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. எய்ட்ஸ் பரவத் தொடங்கிய 1982லேயே பாதுகாப்பான உடலுறவு பற்றி எளிய மொழியில் துண்டுப்பிரசுரம் அச்சிட்டுப் பார் பாராகக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். ஆண்டு முழுக்க நிதி திரட்டி மற்ற அமைப்புகளுக்குக் கொடுக்கிறார்கள். நமக்கு எள்ளல் ஒன்றும் அந்நியமில்லை, சித்தர் பாட்டில் இல்லாத கிண்டலா? ஆனாலும் உங்கள் மனம் நோகும் என்றால் அன்று அந்தப் பூங்காவுக்குப் போகாதீர்கள். கோபத்தோடு போய் நின்று பார்ப்பதில் இரு தரப்புக்கும் லாபமில்லை.

நம்ம தீபாவளி, பொங்கலுக்கெல்லாம் ஏதாவது உண்டா?

பார்கள் தாமாக நடத்துவது அபூர்வம். தெற்காசியத் தன்பாலீர்ப்பாளர் அமைப்பான திரிகோண் 1986ல் இங்கேதான் தொடங்கியது. தொடங்கியவர்கள் அரவிந்த் குமார், சுவீர் தாஸ். இப்படிப்பட்ட குழுக்கள் ஒரு பாரையோ கூடத்தையோ ஒரு இரவுக்குப் பிடித்து, பாலிவுட் பாட்டு போட்டு ஆடுவார்கள். தமிழ்ப் பாட்டு வேண்டுமென்றால் டிஜேயிடம் போய் நச்சரிக்க வேண்டும், ஒரு குத்துப்பாட்டாவது போடுவார். பொங்கலுக்குப் பாரில் கொண்டாட்டம் நான் பார்த்ததில்லை. வீடுகளில் பொங்கல் வைக்கிறோம், ஆண் துணைகளும் பெண் துணைகளும் சேர்ந்தே வருகிறார்கள்.

பண்டிகைக்கு இவ்ளோ கூட்டம் வருது. அப்புறம் ஏன் ஒவ்வொண்ணா மூடுறாங்க?

என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான். கூட்டத்தை வைத்து ஒரு பாரின் உடல்நிலையைச் சொல்லிவிட முடியாது. வருஷத்தில் ஐந்தாறு இரவு கடை பிதுங்கும். வாடகை பன்னிரண்டு மாதமும் வரும். பிதுங்கும் இரவிலும் வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு: மேலே ஹாலோவீன் பதிலில் சொன்ன ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு ஒன்று, 2 மணி அடைப்பு மற்றொன்று. செலவுக்கோ வரம்பில்லை. அன்று காவலாள் இரட்டிப்பு, டிஜே கட்டணம் உயர்வு, அலங்காரம், கூடுதல் ஆள்.

இந்த ஊரின் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலையில் மணிக்கு 19.18 டாலர் ஆனது. டிப்ஸ் கிடைக்கிறதே என்று அதைக் குறைக்கக் கலிபோர்னியாச் சட்டம் இடம் தராது. அது நியாயம்தான், ஆனால் வெறும் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் செவ்வாய் இரவில் கணக்குப் பிள்ளைக்குத் தலைவலி. புது மது உரிமமும் நினைத்தவுடன் கிடைக்காது. மாவட்டத்துக்கு இத்தனை என்று கணக்கிருப்பதால், மூடுகிற கடைக்காரரிடம் பெரிய விலை கொடுத்து வாங்க வேண்டும். குத்தகை முடிந்து கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றினால், பாரை நடத்துவதைவிட உரிமத்தை விற்பது லாபம் என்று ஆகிவிடுகிறது. போதாததற்கு ஜனவரி முழுக்கக் குடிக்காமல் இருப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. 2025 கேலப் கருத்துக்கணிப்பில் மது அருந்துவதாகச் சொன்ன அமெரிக்கர்கள் 54 விழுக்காடுதான், அவர்கள் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து மிகக் குறைவு.

கிரைண்டர் மாதிரி ஆப் வந்ததாலதானே இதெல்லாம்?

பாதி உண்மை. தன்பாலீர்ப்பாளர்கள் துணை தேடும் ஆப்பான கிரைண்டர் வந்தது 2009ல். துணை தேடுவதற்காக மட்டும் பாருக்கு வந்தவர்கள் அதற்குப் பிறகு குறைந்தார்கள். சமூகவியலாளர் கிரெகர் மேட்சன் பழைய பயண வழிகாட்டிகளை வைத்து எண்ணிப் பார்த்ததில், 2007 முதல் 2019 வரை அமெரிக்கக் கே பார்களின் எண்ணிக்கை சுமார் 37 விழுக்காடு குறைந்தது தெரிந்தது. ஆனால் எல்லா வகையும் ஒரே அளவில் குறையவில்லை. பெண்களுக்கான பார்களும் கறுப்பின, லத்தீன் மக்கள் வந்த பார்களும் அதிகமாக அடிவாங்கின. ஆப் மட்டுமே காரணமென்றால் எல்லோருக்கும் சமமாக அல்லவா அடி விழுந்திருக்க வேண்டும்? வாடகை, கையில் காசு, யாருடைய வட்டாரம் விலை ஏறுகிறது என்பவையும் சேர்ந்துதான்.

16வது தெருவில் 1979 முதல் இயங்கிய எஸ்தா நோச்சே, லத்தீன் கே பார். மிஷன் வட்டாரத்தில் வாடகை ஏறிய காலத்தில், 2014ல் மூடியது.

பொண்ணுங்களுக்குன்னு தனி பார் இருக்கா?

குறைவு. மாட்ஸ் என்ற புகழ்பெற்ற பார் 1966 முதல் 1989 வரை, லெக்சிங்டன் கிளப் 1997 முதல் 2015 வரை. 1980களில் நாடு முழுக்க இருநூறு அளவில் இருந்த லெஸ்பியன் பார்கள் 2020ல் இருபத்தைந்தைக்கூட எட்டவில்லை. பெண்களின் சம்பளம் குறைவு, குழந்தை வளர்ப்பு அதிகம், தனியாக இரவில் திரும்பும் பயமும் உண்டு. கடைசியில் பாருக்கு வருமானமும் குறைவு.

அண்மையில் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. எஸ்தா நோச்சே இருந்த அதே இடத்தில் 2023ல் மதர் என்ற பெண்கள் பார் திறந்தது. மாட்ஸை நடத்திய ரிக்கி ஸ்ட்ரைக்கரின் பெயரில் ரிக்கிஸ் என்ற பெண்கள் விளையாட்டு பார் 2025ல் காஸ்ட்ரோவில் திறந்தது. கூடைப்பந்து ஆட்டம் பார்க்க வருகிற கூட்டத்துக்குப் பண்டிகை நாள் தேவையில்லை, ஆட்ட அட்டவணை போதும். நல்ல வியாபார யோசனை அது.

கல்யாணப் பொண்ணுங்க தோழிங்க கூட்டமா வந்து கூத்தடிக்கிறாங்களே, வியாபாரத்துக்கு நல்லதுதானே?

கல்லாவுக்கு நல்லது, வாடிக்கையாளருக்கு எரிச்சல். வாடிக்கையாளர் போய்விட்டால் மறுவாரம் கல்லாவுக்கும் கெடுதல். திருமண உரிமை இல்லாத காலத்தில் இது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாக இருந்தது. வெஸ்ட் ஹாலிவுட்டில் உள்ள தி அபி என்ற பார், தன்பாலீர்ப்பாளர்களுக்குத் திருமணம் சட்டமாகும்வரை மணப்பெண் பார்ட்டிகளுக்கு இடமில்லை என்று 2012ல் அறிவித்தது. 2015 ஜூன் 26ல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தந்த பிறகு அந்த வாதம் தளர்ந்தது. வருகிறவர்கள் இரண்டாவது கேள்விக்குச் சொன்ன நடத்தையோடு வந்தால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

அதான் கல்யாணமே பண்ணிக்கலாமே. இனிமே தனியா பார் எதுக்கு?

கேட்பவர் பெரும்பாலும் பாதுகாப்பான அலுவலகத்தில் வேலை செய்கிறவராக இருப்பார். 2016ல் ஆர்லாண்டோ பல்ஸ் கிளப்பில் 49 பேர், 2022 நவம்பரில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் கிளப் கியூவில் 5 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். தேடி வந்து கொல்கிறார்கள் என்றால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

சுடுவது இருக்கட்டும். டெக்சாஸிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வந்த இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு, தன்னைப் போன்ற அறுபது வயது மனிதர் ஒருவர் கிறிஸ்துமஸ் மாலையில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேறு இடம் எது? ஆப்பில் அறுபது வயதுக்காரரை அவன் வடிகட்டிவிடுகிறான்.

ஜூன் மாசம் பீர் கம்பெனிங்க எல்லாம் வானவில் கொடி பிடிக்குதே, உண்மையான அக்கறையா?

கணக்குப் பார்த்த அக்கறை. இங்கே இன்னொரு பழங்கதை சொல்ல வேண்டும். 1970களில் கூர்ஸ் பீர் நிறுவனத்தோடு லாரி ஓட்டுநர் சங்கத்துக்குத் தகராறு. சங்கத் தலைவர் ஆலன் பெயர்டு ஹார்வி மில்க்கிடம் உதவி கேட்டார். கே பார்கள் கூர்ஸை விற்பதை நிறுத்தின, பதிலுக்குத் தன்பாலீர்ப்பாளர்களுக்கும் ஓட்டுநர் வேலை கேட்டார் மில்க். 1977ல் ஃபுளோரிடா ஆரஞ்சு விளம்பரத்தில் வந்த பாடகி அனிட்டா பிரையன்ட் இவர்களுக்கு எதிராகப் பிரச்சாரம் செய்தபோது, கே பார்கள் வோட்காவில் ஆரஞ்சுச் சாறுக்குப் பதில் ஆப்பிள் சாறு கலந்து விற்றன. அந்த நினைவு கம்பெனிகளுக்கும் உண்டு. பணம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், ஜூலையில் அவர்கள் யாருக்குத் தேர்தல் நிதி கொடுக்கிறார்கள் என்றும் பார்க்கலாம்.

மூடாம தாக்குப்பிடிக்கிற பாருங்க என்னதான் பண்றாங்க?

தி ஸ்டட் நல்ல உதாரணம். 1966ல் ஃபால்சம் தெருவில் பிறந்தது. 2016ல் கட்டடம் கைமாறி வாடகை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, உரிமையாளர் விலக முடிவு செய்தார். அங்கேயே ஆடியவர்களும் பரிமாறியவர்களும் சேர்ந்து கூட்டுறவாக அதை வாங்கினார்கள், அந்த ஆண்டு டிசம்பர் 31ல் பொறுப்பேற்றார்கள். 2020 கொரோனாவில் கடையைக் காலி செய்தாலும் பெயரையும் கூட்டுறவையும் விடவில்லை. 2024 ஏப்ரலில் மீண்டும் ஃபால்சம் தெருவிலேயே திறந்தார்கள்.

நகராட்சியும் 2015 முதல் பழம்பெரும் கடைகளுக்குப் பட்டியல் வைத்து உதவித்தொகை தருகிறது. பார்களும் வார நாளை நிரப்பப் பார்க்கின்றன: வினாடிவினா, கரோக்கி, ஞாயிறு டிராக் பிரஞ்ச், மது கலக்காத பானங்கள். டிராக் கலைஞர்களுக்குக் கிறிஸ்துமஸ் சீசன் என்பது நம் கச்சேரிக்காரர்களுக்கு மார்கழி. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை ஓய்வில்லை. ஆனால் மேலே சொன்ன கணக்கு மாறவில்லை: செவ்வாயில் ஆள் வரவில்லை என்றால் டிசம்பர் எத்தனை நாள் காப்பாற்றும்?

நான் குடிக்க மாட்டேன். எனக்கு எங்க இடம்?

பாரிலேயே சோடா வாங்கிக்கொண்டு நிற்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அது வேண்டாம் என்றால் காஸ்ட்ரோ பக்கம் 18வது தெருவில் காஸ்ட்ரோ கண்ட்ரி கிளப் இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், குடியிலிருந்து மீண்டவர்களுக்காக 1983ல் தொடங்கிய காபி இடம் அது. குடியை விட்டவர்களுக்குப் பண்டிகை நாட்கள்தான் வழுக்கும் நாட்கள் என்பதால் அந்த வாரங்களில் அங்கே கூடுதல் துணை கிடைக்கும்.

கடைசியா ஒண்ணு. போன இடத்துல நம்ம ஊர்க்காரங்க யாராவது பார்த்துட்டா? விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமா?

பார்த்தவரும் அங்கேதானே நின்றுகொண்டிருந்தார்! இந்த வட்டாரத்தில் எழுதாத ஒரு சட்டம் உண்டு: உள்ளே பார்த்ததை வெளியே பேசுவதில்லை. சிக்கல் படங்களில்தான். பண்டிகை இரவுகளில் பாரே புகைப்படக்காரர் வைத்து இன்ஸ்டாகிராமில் போடும். கேமரா உங்கள் பக்கம் திரும்பினால் கையை உயர்த்தி வேண்டாம் என்று சொல்லுங்கள், மதிப்பார்கள். நீங்களும் பின்னால் இருப்பவர்களின் முகம் விழும்படி செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அவருடைய அம்மாவுக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

கே பாருக்குப் போவது விசாவைத் தொடாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது தொடும். கைதானாலே விசாவை ரத்து செய்ய வாய்ப்புண்டு, தீர்ப்பு வரைக்கும் காத்திருக்க மாட்டார்கள். கஞ்சா கலிபோர்னியாவில் சட்டப்படி விற்கப்பட்டாலும் மத்தியச் சட்டத்தில் குற்றமே. குடியுரிமை இல்லாதவர்கள் யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். டிசம்பர் 31 இரவு பார்ட் ரயில் வழக்கத்தைவிட நேரம் கழித்தும் ஓடும், முனி பேருந்துகளில் பெரும்பாலும் அன்று கட்டணமில்லை. கிளம்பும் முன் அந்த ஆண்டின் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.